சுவரொட்டி ஏன் நீலம் பாரிக்கிறது? நான்கு மைகளில் நிறம் பிறக்கும் விதம்

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை எந்த ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் போனாலும், நாலைந்து மாத வெயில் தின்ற சுவரொட்டி ஒன்றாவது சுவரில் இருக்கும். அதில் உள்ள முகம் நீலம் பாரித்திருக்கும். குங்குமப் பொட்டு இருந்த இடம் வெளிறியிருக்கும், மாலையின் மஞ்சள் காணாமல் போயிருக்கும். தலைமுடியும் எழுத்தும் மட்டும் அப்படியே நிற்கும். “மழையில சாயம் போயிடுச்சு” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அச்சுக்குக் கம்ப்யூட்டரில் வடிவமைத்துத் தரும் டிடிபி கடைகளில் கேட்கும் பேச்சு வேறு மாதிரி: “கம்ப்யூட்டர்ல பச்சைப் பசேல்னு இருந்துச்சு, அச்சுல செத்துப்போய் வந்திருக்கு. பிரஸ்ல மையை மிச்சம் புடிச்சிட்டாங்க.”

இரண்டுமே தவறான கணிப்பு. முகம் நீலமானதற்கு மழை காரணமில்லை. பச்சை மங்கியதற்குப் பெரும்பாலும் பிரஸ் காரணமில்லை. சுவரொட்டியில் எத்தனை நிறம் தெரிந்தாலும் அதில் இருப்பவை நான்கே மைகள். அந்த நான்கும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துவிட்டால் இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைப்பதோடு, நல்ல சுவரொட்டி ஏன் நல்ல சுவரொட்டி என்பதும் பிடிபடும்.

திரை ஒளியைத் தருகிறது, மை ஒளியை எடுத்துக்கொள்கிறது

செல்போன் திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று விளக்குகள் பொடிப்பொடியாக நிறைந்திருக்கின்றன. மூன்றையும் முழுதாக ஏற்றினால் வெள்ளை. மூன்றையும் அணைத்தால் கறுப்பு. கூட்டக் கூட்ட வெளிச்சம் ஏறும் இந்த முறைக்கு ஆர்ஜிபி என்று பெயர்.

தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அதன் மேல் விழும் வெயிலையோ டியூப்லைட்டையோ திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். வெள்ளைத் தாள் எல்லா நிற ஒளியையும் திருப்பி அனுப்புவதால் வெள்ளையாகத் தெரிகிறது. அதன் மேல் மை பூசினால், போகும் ஒளியில் ஒரு பங்கை மை விழுங்கிவிடும். சயான் என்கிற பசுநீல மை சிவப்பு ஒளியை விழுங்கும். மெஜந்தா என்கிற இளஞ்சிவப்பு மை பச்சை ஒளியை விழுங்கும். மஞ்சள் மை நீல ஒளியை விழுங்கும். மெஜந்தாவும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் பச்சையும் நீலமும் போய்ச் சிவப்பு மட்டும் மிஞ்சும். சுவரொட்டியில் நாம் பார்க்கும் குங்குமச் சிவப்பு அப்படி மிஞ்சியதுதான். சயானும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை. சயானும் மெஜந்தாவும் சேர்ந்தால் நீலம். இந்த மூன்றோடு கறுப்பையும் சேர்த்தால் அதுதான் சிஎம்ஒய்கே, பிரஸ் பேச்சில் “நாலு கலர்” அல்லது “மல்டிகலர்”.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, வெள்ளை மை என்று இங்கே எதுவும் கிடையாது. மாப்பிள்ளையின் வேட்டி, சிரிக்கும் பல், கோபுரத்துக்கு மேலே உள்ள மேகம் எல்லாமே மை படாமல் விட்ட தாள். ஆகவே தாள் பழுப்பாக இருந்தால் வேட்டியும் பழுப்பாகத்தான் இருக்கும். எந்த மையாலும் தாளைவிட வெளுப்பான இடத்தை உண்டாக்க முடியாது. ஒரே கோப்பை ஆர்ட் பேப்பரிலும் மலிவான போஸ்டர் தாளிலும் அச்சிட்டால் இரண்டு வேறு படங்கள் போல வருவதற்கு முதல் காரணம் இது.

மூன்று மைகளால் எல்லா நிறத்தையும் எழுப்பும் யோசனை பழையது. யாக்கோப் கிறிஸ்டோஃப் லெ ப்ளான் என்ற ஓவியர் சிவப்பு, மஞ்சள், நீலத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று பதித்துப் படம் அச்சிட்டு, அதற்கு 1719-ல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். பிறகு கறுப்பையும் சேர்த்துக்கொண்டார். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் நம் தரங்கம்பாடியில் ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்குவின் அச்சுக்கூடம் தமிழில் அச்சிடத் தொடங்கியிருந்தது.

இதுவரை பார்த்தது: திரை ஒளியைக் கூட்டி நிறம் தருகிறது, மை ஒளியைக் கழித்து நிறம் தருகிறது. வெள்ளை தாளுக்குச் சொந்தம்.

கறுப்பு எதற்குத் தனியாக?

மூன்று மைகளும் சேர்ந்து மூன்று ஒளியையும் விழுங்கினால் கறுப்புதானே வர வேண்டும்? கணக்குப்படி வர வேண்டும். ஆனால் கடையில் கிடைக்கும் எந்த மையும் அவ்வளவு சுத்தமானதல்ல. மூன்றையும் முழுதாகப் பூசினால் அழுக்குப் பழுப்புதான் வருகிறது. தவிர, தாள் தாங்கும் மைக்கும் ஓர் எல்லை உண்டு. ஒவ்வொரு மையும் அதிகபட்சம் 100 சதவீதம் என்றால், நான்கும் சேர்ந்து ஓரிடத்தில் விழும் கூட்டுத்தொகைக்கு மொத்த மை அளவு என்று பெயர். வழவழப்பான ஆர்ட் பேப்பர் சுமார் 300 வரை தாங்கும். செய்தித்தாள் தாள் 240-ஐத் தாண்டினாலே திணறும். மெல்லிய போஸ்டர் தாளையும் அதற்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும். அளவு மீறினால் மை காயாது; அடுக்கி வைத்த தாள்களில் மேல் தாளின் முதுகில் கீழ்த் தாளின் படம் ஒட்டிக்கொள்ளும்.

இங்கேதான் டிடிபியில் அதிகம் நடக்கும் பிழை ஒளிந்திருக்கிறது. ஆர்ஜிபியில் அடித்த கறுப்பு எழுத்தை ஃபோட்டோஷாப்பின் வழக்கமான அமைப்பில் சிஎம்ஒய்கேவுக்கு மாற்றினால், அது சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று பிரிந்துவிடும். கூட்டினால் 300. திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. அச்சில், ‘நாள், நேரம், இடம்’ என்ற சிறு எழுத்துகள் நான்கு முறை, நான்கு மைகளில் பதிகின்றன. அந்த நான்கில் ஒன்று தலைமுடி அளவு விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிற நிழல் தட்டும். ண, ஞ, ழ போன்ற சுழிகளின் உட்பக்கம் அடைத்துக்கொள்ளும், புள்ளி தொலையும், ‘மணி’ என்பது ‘மரி’ போலத் தெரியும். ஆகவே சிறு எழுத்துக்குக் கறுப்பு 100 மட்டும், மற்ற மூன்றும் பூஜ்யம். பெரிய கறுப்புப் பரப்பு வேண்டுமென்றால் கறுப்பு 100-உடன் சயான் 40 சேருங்கள். கறுப்பு மட்டும் இருந்தால் வரும் சாம்பல் வாடை போய்விடும், மையும் அளவுக்குள் நிற்கும்.

கறுப்புப் பரப்பில் வெள்ளை எழுத்து வைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே எழுத்து என்பது மையில்லாத இடைவெளி. நான்கு பக்கமிருந்தும் மை அதற்குள் கசியப் பார்க்கும். 12 பாயின்டுக்குக் கீழே, மெல்லிய எழுத்துருவில் வெள்ளைத் தமிழ் எழுத்தை வைக்காமல் இருப்பதே நல்லது.

தமிழ் எழுத்தைச் சிறிதாக அச்சிடுவதில் உள்ள சிக்கல் டெல்டாவில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்ததுதான். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து 1713-ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்தன, தாளோ தட்டுப்பாடு. அதனால் உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துத்தான் 1715-ல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள்.

அரை மை என்று ஒன்று இல்லை

அச்சு எந்திரத்துக்கு இரண்டே நிலை தெரியும்: ஓரிடத்தில் மை வைக்கும், அல்லது வைக்காது. ‘கொஞ்சம் வெளிறிய மெஜந்தா’ வைக்க அதற்கு வழியில்லை. அப்படியானால் கன்னத்தின் இளஞ்சிவப்பு எங்கிருந்து வருகிறது?

வரிசை நடவு செய்த வயலை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு பிடித்து 25 செ.மீ. இடைவெளியில் குத்து குத்தாக நட்டிருக்கிறார்கள். நட்ட மறுநாள் சாலையிலிருந்து பார்த்தால் வயல் சேற்று நிறமாகவே தெரியும், லேசாகப் பச்சை ஓடியிருக்கும். தூர் கட்டி வளர வளரப் பச்சை ஏறும். ஒரு மாதம் கழிந்ததும் சேறே தெரியாது. இத்தனைக்கும் குத்துகளின் எண்ணிக்கை மாறவில்லை, இடைவெளியும் மாறவில்லை. ஒவ்வொரு குத்தும் பருத்தது, அவ்வளவுதான். தூரத்திலிருந்து பார்க்கும் கண் பயிரையும் சேற்றையும் கலந்து ஒரே நிறமாக எடுத்துக்கொள்கிறது.

அச்சுப் படமும் இதே கணக்குத்தான். சம இடைவெளியில் புள்ளிகள். வெளிறிய இடத்தில் சிறு புள்ளி, அடர்ந்த இடத்தில் பெரும் புள்ளி. புள்ளிகளுக்கிடையே தெரியும் வெள்ளைத் தாளையும் மையையும் கண் சேர்த்துக் கலந்துவிடுகிறது. இந்தப் புள்ளி முறைக்கு ஆஃப்டோன் என்று பெயர். ஜெர்மனியில் கியோர்க் மைசென்பாக் 1882-ல் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் புகைப்படத்தை எழுத்தோடு சேர்த்து அச்சிடுவது எளிதாயிற்று.

ஓர் அங்குலத்தில் எத்தனை வரிசைப் புள்ளிகள் என்பதை ஸ்க்ரீன் என்பார்கள். செய்தித்தாளுக்கு 85 முதல் 100, நோட்டீஸுக்கும் நல்ல சுவரொட்டிக்கும் 133 முதல் 150, ஆர்ட் பேப்பரில் அச்சாகும் அழைப்பிதழுக்கு 150 முதல் 175. வரிசை கூடினால் படம் நுணுக்கமாகும் என்பது உண்மை, தாள் ஒத்துழைத்தால். மை உறிஞ்சும் தாளில் ஒவ்வொரு புள்ளியும் கசிந்து பெருக்கும். கோப்பில் 50 சதவீதமாக இருந்த புள்ளி தாளில் 65, 70 போலத் தெரியும். புள்ளிப் பெருக்கம் என்கிற இதுதான் சுவரொட்டி முகங்கள் கறுத்துப்போவதற்குக் காரணம். மாநிறமோ கறுப்போ உள்ள முகங்கள்தான் இதில் அதிகம் அடிபடுகின்றன. மூக்கும் கன்னமும் ஒரே இருட்டாகிவிடும். முகத்தை வெளுப்பாக்குவது இதற்குத் தீர்வல்ல. அது அந்த மனிதரையே மாற்றிவிடும். படத்தின் நடுத்தர அடர்த்தியை மட்டும் ஃபோட்டோஷாப்பின் கர்வ்ஸ் கருவியில் சற்றே குறைத்துவிட்டு, மிக இருண்ட இடத்தையும் மிக வெளுத்த இடத்தையும் தொடாமல் விட்டால் தாளில் முகம் தன் நிறத்தோடு வரும்.

எவ்வளவு பெரிய படம் தேவை என்பதும் புள்ளிக் கணக்கிலிருந்தே வருகிறது. ஸ்க்ரீன் வரிசையைப் போல இரண்டு மடங்கு பிக்சல் இருந்தால் தாராளம்: 150 வரிசைக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல். சுவரொட்டியை ஆறேழு அடி தள்ளி நின்றுதான் பார்க்கிறோம் என்பதால் 150 பிக்சலே போதும். 20-க்கு 30 அங்குலச் சுவரொட்டி முழுக்க ஒரே படம் என்றால் 3,000-க்கு 4,500 பிக்சல். கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிக்குப் பெரும்பாலும் ஒரு பாஸ்போர்ட் படம்தான் கையில் கிடைக்கும். அதன் அகலம் 3.5 செ.மீ. ஸ்கேனரை 300-ல் வைத்தால் கிடைப்பது சுமார் 410 பிக்சல், மூன்று அங்குலத்துக்குக்கூடக் காணாது. 1,200-ல் வைத்தால் சுமார் 1,650 பிக்சல், பதினொரு அங்குல முகம் வரை தாங்கும். அதே படத்தைப் போனில் கிளிக் செய்து வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் வழியிலேயே சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

நான்கு மைக்கும் நான்கு புள்ளி வரிசைகள் உண்டல்லவா? அவை ஒரே திசையில் இருந்தால் ஒன்றோடொன்று மோதித் துணியில் விழும் அலைபோல ஒரு கோலம் கிளம்பும். அதற்கு மொய்ரே என்று பெயர். அதைத் தவிர்க்கக் கறுப்பை 45 டிகிரியிலும், மெஜந்தாவை 75-லும், சயானை 15-லும், கண்ணுக்குக் குறைவாகத் தெரியும் மஞ்சளை 0-விலும் சாய்த்து வைக்கிறார்கள். ஏற்கெனவே அச்சான பத்திரிகைப் படத்தை ஸ்கேன் செய்து மறுபடி அச்சிட்டால் பழைய புள்ளியும் புதுப் புள்ளியும் மோதிப் பெரும்பாலும் மொய்ரே வந்துவிடும். அசல் புகைப்படத்தைத் தேடிப் பிடிப்பதுதான் வழி.

சுருக்கமாக: நிறத்தின் அடர்த்தி மையின் அடர்த்தியால் வருவதில்லை, புள்ளியின் பருமனால் வருகிறது. தாள் எவ்வளவு உறிஞ்சுகிறதோ அவ்வளவு புள்ளி பெருக்கும், படம் இருளும்.

நான்கும் ஒரே இடத்தில் விழ வேண்டும்

ஆஃப்செட் எந்திரத்தில் ஒவ்வொரு மைக்கும் ஓர் அலுமினிய பிளேட். படம் உள்ள இடம் எண்ணெய்ப்பசையுள்ள மையைப் பிடிக்கும், படம் இல்லாத இடம் தண்ணீரைப் பிடித்து மையைத் தள்ளும். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்ற ஒரே உண்மையின் மேல் நிற்கும் இந்த அச்சை அலோயிஸ் செனஃபெல்டர் 1796 வாக்கில் சுண்ணாம்புக் கல்லில் கண்டுபிடித்தார். இன்று கல்லுக்குப் பதில் பிளேட். அது நேராகத் தாளைத் தொடாது. முதலில் ஒரு ரப்பர் விரிப்பில் பதிந்து, அதிலிருந்து தாளுக்கு மாறும்.

நான்கு பிளேட்டும் நூல் பிசகாமல் ஒரே இடத்தில் விழுவதற்கு ரிஜிஸ்டர் என்று பெயர். நான்கு யூனிட் உள்ள எந்திரத்தில் தாள் ஒரே ஓட்டத்தில் வெளிவந்துவிடும். சிறிய அச்சகங்களில் ஒற்றைக் கலர் எந்திரத்தில் தாளை நான்கு முறை விடுவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே தாள் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து நீளும், காய்ந்து சுருங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டா ஊர்களில் ரிஜிஸ்டர் அடிக்கடி தள்ளிப்போவதற்கு இது பெரிய காரணம். தாளை ஒருநாள் முன்பே அச்சகத்துக்குள் கொண்டுவந்து உறை பிரிக்காமல் வைத்திருந்து, எல்லாச் சுற்றையும் இடைவெளி விடாமல் முடித்தால் பாதிச் சிக்கல் தீரும்.

மீதிப் பாதி வடிவமைப்பவர் கையில் இருக்கிறது. இங்கேதான் நம் ஊர்க் கோயில் திருவிழாச் சுவரொட்டிகளைக் கொண்டாட வேண்டும் என்று தோன்றுகிறது.

மஞ்சள் பின்னணி, அதில் சிவப்பு எழுத்து. மாரியம்மன் திருவிழா, கும்பாபிஷேகம், காதணி விழா எதுவானாலும் பழைய சுவரொட்டி ஓவியர்கள் இதைத்தான் கையில் எடுத்தார்கள். மங்கலம் என்பது ஒரு காரணம். ஆனால் அச்சின் கண்ணோட்டத்தில் பாருங்கள்: பின்னணி மஞ்சள் 100. எழுத்தின் சிவப்பு, மெஜந்தா 100-உம் மஞ்சள் 100-உம். இரண்டு இடத்திலும் மஞ்சள் பொது. ஆகவே மஞ்சளில் எழுத்துக்காக ஓட்டை வெட்ட வேண்டிய தேவையே இல்லை. தாள் முழுக்க மஞ்சளைப் பரப்பி அதன் மேல் மெஜந்தாவில் எழுத்தைப் பதித்தால் போதும், அது தானே சிவப்பாகிவிடும். ரிஜிஸ்டர் இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் எழுத்து முழுசாக இருக்கும், ஓரத்தில் வெள்ளைக் கோடு தட்டாது. பிளேட்டும் இரண்டே. படம் வேண்டுமென்றால் மூன்றாவதாக ஒரு கறுப்பு. இரண்டு மை அடித்து மூன்று நிறத்தின் பலனை எடுப்பதும், அதை நூறடி தூரத்திலிருந்து கண்ணில் அறையும்படி செய்வதும் சின்ன வேலையல்ல. இந்தச் சுவரொட்டிகளைப் பட்டிக்காட்டு ரசனை என்று ஒதுக்குபவர்கள் அவற்றுக்குள் இருக்கும் அறிவைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

இதற்கு நேர்மாறு சிவப்பில் பச்சை எழுத்து. பச்சைக்குச் சயானும் மஞ்சளும் வேண்டும், சிவப்புக்கு மெஜந்தாவும் மஞ்சளும் வேண்டும். எழுத்தின் வடிவத்தில் மெஜந்தாவைத் துல்லியமாக வெட்டி எடுத்து, அதே ஓட்டையில் சயானைத் துல்லியமாக நிரப்ப வேண்டும். கொஞ்சம் விலகினால் ஒரு பக்கம் மஞ்சள் கோடு, மறுபக்கம் கறுப்புக் கோடு. போதாததற்குச் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே இருட்டளவு கொண்டவை என்பதால் தூரத்தில் எழுத்து பின்னணியில் கரைந்துவிடும். இந்த ஜோடி வேண்டும் என்று வாடிக்கையாளர் அடம்பிடித்தால் பச்சைக்கு ஒரு வெள்ளைக் கரையோ கறுப்புக் கரையோ கட்டிவிடுங்கள். மற்றபடி பொதுவான ஒரு மையைப் பங்கிடாத நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால், ஒன்றை மற்றொன்றின் மேல் 0.1 மி.மீ. அளவுக்கு ஏற்றிவிடுவது வழக்கம். இதற்கு டிராப்பிங் என்று பெயர்.

அச்சில் ஏறாத நிறங்கள்

ஒளியைக் கூட்டும் திரை காட்டக்கூடிய நிறங்கள் சிலவற்றை ஒளியைக் கழிக்கும் மைகளால் எழுப்பவே முடியாது. ஒரு முறையால் காட்டக்கூடிய நிறங்களின் மொத்த வீச்சை நிற எல்லை என்று சொல்லலாம். நாற்றங்காலின் இளம்பச்சை அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது. சயானும் மஞ்சளும் எவ்வளவு சுத்தமாகக் கலந்தாலும், வெயில் ஊடுருவும் அந்தப் பச்சை வராது. சயான் 45, மஞ்சள் 100 அளவில் அதற்குக் கிட்டத்தட்ட ஒரு பச்சை கிடைக்கும். அதில் ஐந்து சதவீதம் மெஜந்தா நுழைந்தாலும் சருகு நிறம் ஏறத் தொடங்கிவிடும். விவசாயச் சுவரொட்டிகளில் பச்சை ‘செத்துப்போவது’ பெரும்பாலும் இப்படித்தான். படத்தின் பச்சைப் பகுதியில் மெஜந்தாவை மட்டும் குறைத்துப் பாருங்கள், கொஞ்சம் உயிர் வரும்.

நீலம் இன்னொரு பொறி. திரையில் கருநீலமாக இருந்தது அச்சில் கத்தரிப்பூ நிறமாக வருகிறது என்ற புகார் எங்கும் உண்டு. சயானும் மெஜந்தாவும் சம அளவில் போனால் ஊதாதான் வரும். மெஜந்தா சயானைவிட முப்பது சதவீதமாவது குறைவாக இருக்கட்டும்: சயான் 100, மெஜந்தா 65 என்றால் கண்ணன் நீலமாகவே நிற்பான்.

தங்கம் இவற்றிலிருந்து வேறுபட்ட சிக்கல். தஞ்சாவூர் ஓவியத்தைச் சுவரொட்டியிலோ அழைப்பிதழிலோ போட்டால் அதன் தங்கம் கடுகுப் பழுப்பாக இறங்கிவிடுகிறது. அசல் ஓவியத்தில் மேடாக எழுப்பிய பூச்சுவேலையின் மேல் தங்க ரேக்கு ஒட்டியிருக்கிறார்கள். நாம் தலையை அசைக்க அசைக்க ஒளி அதன் மேல் நகர்கிறது. தங்கம் என்று நாம் உணர்வது அந்த நகர்வைத்தான். புகைப்படம் அதில் ஒரு கணத்தைப் பிடித்து நிறுத்துகிறது. பிறகு மஞ்சள் 90, மெஜந்தா 30, சயான் 15 என்று எதைப் போட்டாலும் அது ஒரு மஞ்சள்தான். அழைப்பிதழில் ஃபாயில் ஒட்டலாம், உலோகப்பொடி கலந்த தங்க மையை ஐந்தாவது பிளேட்டாக ஓட்டலாம். நான்கு மைகளுக்கு அப்பால் தனியாகக் கலந்து ஓட்டும் இத்தகைய மைக்கு ஸ்பெஷல் கலர் என்று பெயர்.

ஆயிரம் தாள் சுவரொட்டிக்கு அந்தச் செலவு கட்டாது. அங்கே கைகொடுப்பது காலண்டர் ஓவியர்களின் பழைய வழி. கோவில்பட்டியிலிருந்து வரைந்த சி. கொண்டையராஜு (1898–1976), அவருடைய சீடர்கள் ஆகியோரின் சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி வீடு வீடாகப் போயின. அந்த மரபுப் படங்களில் நகைகளை உற்றுப் பாருங்கள். தங்கம் என்ற ஒரே நிறம் எங்கும் இருக்காது. ஏறக்குறைய வெள்ளையான ஒரு மினுக்கு, அதை ஒட்டி நல்ல மஞ்சள், உடனே அடர் பழுப்பு. மூன்றையும் நெருக்கமாக வைத்ததும் கண் தானாக அங்கே பளபளப்பைக் கண்டுகொள்கிறது. நான்கு மைக்குள் தங்கம் காட்ட இதைவிடத் தேர்ந்த வழி இன்னும் வரவில்லை. கம்ப்யூட்டரில் தங்க எழுத்து செய்பவர்களும் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு மெதுவாக ஓடும் கிரேடியன்டை விட்டுவிட்டு, வெளுப்பையும் பழுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வெட்டி வைத்துப் பார்க்கலாம்.

இனி அந்த நீல முகம்

மையின் நிறத்தைத் தரும் பொடிக்கு நிறமி என்று பெயர். வெயிலில் உள்ள புற ஊதா ஒளி நிறமியின் மூலக்கூறுகளை உடைக்கிறது. உடைந்த மூலக்கூறு ஒளியை விழுங்காது, அதாவது நிறம் போய்விடும். நான்கு மைகளும் இதைச் சமமாகத் தாங்குவதில்லை. வழக்கமாகப் பயன்படும் மஞ்சளும் மெஜந்தாவும் மெலிந்தவை, நேர் வெயிலில் சில வாரங்களிலேயே வெளிறத் தொடங்கும். கறுப்பு என்பது கரி. கரியை வெயில் ஒன்றும் செய்யாது. சயானில் இருப்பது செம்பு கலந்த தாலோசயனின் என்ற நிறமி. 1935-ல் விற்பனைக்கு வந்த இது வெயில் தாங்குவதில் பெயர் பெற்றது.

முகத்தின் தோல் நிறம் பெரும்பகுதி மஞ்சளாலும் மெஜந்தாவாலும் ஆனது, சயான் சிறு பங்குதான். அந்த இரண்டும் போனதும் சயானும் கறுப்பும் மிஞ்சுகின்றன. எதுவும் நீலமாக மாறவில்லை; முதல் நாளிலிருந்தே அடியில் இருந்த சயான் இப்போதுதான் தனித்துத் தெரிகிறது. மழைதான் காரணமென்றால் நான்கு மையும் சேர்ந்தே போயிருக்க வேண்டும். எண்ணெய் கலந்த ஆஃப்செட் மை காய்ந்த பிறகு தண்ணீரில் கரையாது. மழை கெடுப்பது தாளையும் மைதாப் பசையையும்தான்.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது. நெடுநாள் வெயிலில் நிற்க வேண்டிய அறிவிப்பில், தேதியையும் போன் நம்பரையும் சிவப்பில் போடாதீர்கள். திருவிழா முடியும் முன்பே அவை வெளிறிவிடும். கறுப்பில் போடுங்கள், அல்லது சயான் நிறைந்த கருநீலத்தில் போடுங்கள்.

ஃப்ளெக்ஸ் பேனரிலும் இதே நான்கு நிற மைகள்தான். பிளேட் இல்லை, எந்திரம் மையை நேராகப் பிவிசி விரிப்பில் தெளிக்கிறது, புள்ளிகளும் சம இடைவெளியில் இல்லாமல் சிதறி விழுகின்றன. பிளேட் செலவு இல்லாததால் ஒரே ஒரு பேனர்கூட அடிக்கலாம், எத்தனை நிறம் போட்டாலும் ஒரே விலை. நிறம் இலவசமானதும் சிக்கனம் போய்விட்டது. நாற்பது முகங்களும் ஏழு நிற எழுத்தும் சேர்ந்து நிற்கும் பேனரில் எதையும் படிக்க முடியவில்லை. ஃப்ளெக்ஸ் செய்பவர்கள் இரண்டு மை மட்டும் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு பேனரை வடிவமைத்துப் பார்க்கலாம். பத்துக்கு எட்டு அடிக்கு அங்குலத்துக்கு 72 பிக்சல் தாராளம், 300 வைத்தால் கோப்பு கனத்து எந்திரம் தடுமாறுமே தவிர கூடுதல் தெளிவு வராது.

லென்ஸ் வைத்துப் பார்த்தல்

ஸ்டேஷனரி கடையிலோ கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவரிடமோ பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் கிடைக்கும். புதிதாக ஒட்டிய சுவரொட்டியில் முதலில் ஒரு முகத்தின் கன்னத்தில் வையுங்கள். நான்கு நிறப் புள்ளிகளும் சேர்ந்து சின்னச் சின்ன ரோஜாப்பூ வடிவங்களாக அடுக்கியிருக்கும். அடுத்து கறுப்பு எழுத்தின் ஓரத்துக்கு நகர்த்துங்கள். ஓரம் கத்தி போல இருந்தால் கறுப்பு மட்டும் ஓடியிருக்கிறது. நிற நிழல் தட்டினால் நான்கு மையில் ஓட்டியிருக்கிறார்கள். கடைசியாகத் தாளின் விளிம்பு. வெட்டாமல் விட்டிருந்தால் கூட்டல் குறியும் நான்கு நிறக் கட்டங்களும் தெரியும். கூட்டல் குறி ஒற்றைக் கோடாக இருந்தால் ரிஜிஸ்டர் சரி, இரட்டையாகத் தெரிந்தால் எந்த மை எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

பிறகு அதே லென்ஸைக் கும்பகோணத்திலோ மாயவரத்திலோ பழைய வீட்டுக் கூடத்தில் தொங்கும் சாமி படத்தில் வைத்துப் பாருங்கள். ஒழுங்கான வரிசைப் புள்ளியும் ரோஜாப்பூ அடுக்கும் தெரிந்தால் அது ஆஃப்செட். புள்ளிகள் ஒழுங்கில்லாமல், பெரிதும் சிறிதுமாக, மணல் தூவியது போலக் கையால் வைத்ததாகத் தெரிந்தால் அது கல்லில் அச்சிட்ட லித்தோவாக இருக்க வாய்ப்பு அதிகம். 1894-ல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகம் அந்த முறையில்தான் படங்களை வெளியிட்டது. கம்ப்யூட்டரும் கேமராவும் நிறத்தைப் பிரித்துத் தராத காலத்தில், ஓவியத்தைப் பார்த்து இந்தக் கன்னத்துக்கு எந்த நிறம் எவ்வளவு என்று கணித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல்லில் ஒருவர் உட்கார்ந்து புள்ளி வைத்திருக்கிறார். ஒரு படத்துக்குப் பத்துக்கும் மேற்பட்ட கற்கள் ஆனதுண்டு.

அப்படி ஒரு படம் வீட்டில் இருந்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். நேர் வெயில் படாத சுவருக்கு மாற்றுங்கள். கண்ணாடி படத்தை நேராகத் தொடாமல் நடுவே ஓர் அட்டைச் சட்டம் வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் மழைக்கால ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். புதிய சட்டத்துக்குள் பொருந்தவில்லை என்று கடைக்காரர் ஓரத்தை வெட்டக் கேட்டால் சம்மதிக்காதீர்கள். அச்சகத்தின் பெயர் பெரும்பாலும் அந்த வெள்ளை ஓரத்தில்தான் பொடி எழுத்தில் இருக்கும்.